பிந்தி வந்த பால்

எங்கள் கிராமத்து வீட்டில் பால் கணக்கு சமையலறைச் சுவரில் இருந்தது. காகிதத்தில் எழுதிச் சுவரில் மாட்டியதாக நினைக்க வேண்டாம்; சுவரேதான் காகிதம். பொழுது விடிந்ததும் பால்காரம்மா வந்து அரைப்படி பால் ஊற்றிவிட்டுப் போவாள். உடனே என் தாயார் அடுப்பிலிருந்து ஆறிப்போன கரித்துண்டு ஒன்றை எடுத்துச் சுவரில் ஒரு கோடு இழுப்பாள். நாலு கோடு நின்றால் ஐந்தாவது கோடு அவற்றின்மேல் குறுக்கே விழும். மாதக் கடைசியில் இருவரும் சுவருக்கு எதிரே நின்று எண்ணுவார்கள். பணம் கைமாறும். தாயார் ஈரத்துணியால் சுவரைத் துடைப்பாள். அடுத்த மாதம் பிறந்துவிடும்.

அந்தச் சுவரை நான் மறந்துவிட்டிருந்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் மறக்கவில்லை, நினைக்காமல் இருந்தேன். இரண்டும் ஒன்றல்ல என்பது என் வயதுக்காரர்களுக்குத் தெரியும். போன மார்கழியில் அதை நினைத்தே தீரவேண்டியதாயிற்று. அதற்குக் காரணமானவர்கள் இரண்டு பேர். ஒருத்தி என் தங்கை மகள். இன்னொருத்தி ஒரு மலையடிவாரத்துக் குக்கிராமத்தில் ஒற்றைப் பசுமாடு வைத்துப் பிழைக்கிற, நான் இன்றுவரை முகம் பார்த்திராத ஓர் அம்மாள்.

என் தங்கை மகள் எங்கள் வீட்டு மாடி அறையில் இருந்துகொண்டு கம்ப்யூட்டர் உத்தியோகம் பார்க்கிறாள். உத்தியோகத்துக்குப் பகல் என்றும் இரவு என்றும் பேதம் கிடையாது. எனக்கோ வயதின் காரணமாகத் தூக்கம் கிடையாது. ஆகவே நள்ளிரவில் மாடியில் விளக்கு எரிந்தால், இரண்டு டம்ளர் காப்பியுடன் படி ஏறிப் போய் அவள் அறையில் உட்கார்ந்துகொள்வது என் வழக்கம்.

நாவல் எழுதுகிறவன் கம்ப்யூட்டரைப் பற்றிப் பேசப் புறப்பட்டுவிட்டானே என்று வாசகர்கள் கலவரப்பட வேண்டாம். எனக்குப் புரிந்த அளவுதான் சொல்லப்போகிறேன். எனக்கே புரிந்தது என்றால் உங்களுக்குப் புரியாமல் போகாது.

அவளுடைய காரியாலயம், பால் கொள்முதல் செய்யும் ஒரு கம்பெனிக்குக் கணக்கு வைத்துக் கொடுக்கிறது. ஒவ்வோர் ஊரிலும் ஒரு கொள்முதல்காரர் உட்கார்ந்திருப்பார். பால் கொண்டு வருகிறவர்கள் ஊற்ற ஊற்ற, அளவும் கொழுப்புச் சத்தும் ஒரு சின்னக் கருவியில் பதிவாகும். ஒரு சீட்டு அச்சாகி ஊற்றினவர் கைக்கு வரும். அதே சீட்டின் பிரதி ஒன்று ஆகாய மார்க்கமாகப் பட்டணத்துக்கு வந்து ஒரு பெரிய தகவல் களஞ்சியத்தில் சேரும். அந்தக் களஞ்சியத்தின் பெயர் எலாஸ்டிக் சர்ச்.

இது பிறந்த கதை சுவாரஸ்யமானது. ஷே பேனன் என்பவர், தம் மனைவி சமையற்கலை படிப்பதற்காக லண்டனில் போய்க் குடியேறினார். அங்கே வேலை தேடிக்கொண்டிருந்த நாட்களில், மனைவி சேர்த்து வைக்கிற சமையல் குறிப்புகளில் வேண்டியதைச் சட்டென்று தேடி எடுக்க ஒரு கருவி செய்து கொடுக்கலாமே என்று உட்கார்ந்தார். அதற்கு அடிப்படையாக அவர் எடுத்துக்கொண்டது லூசீன் என்ற தேடும் பொறி. அதை உருவாக்கியவர் டக் கட்டிங் என்ற அமெரிக்கர். லூசீன் என்பது அவருடைய மனைவியின் நடுப்பெயர். சமையல் குறிப்பில் தொடங்கிய காரியம் எப்படியோ வளர்ந்து, 2010-இல் எலாஸ்டிக் சர்ச் என்று வெளிவந்தது. ஆக, ஓர் இல்லத்தரசி பெயரைக் கொடுத்தாள், இன்னோர் இல்லத்தரசி காரணத்தைக் கொடுத்தாள். சமையல் குறிப்புக் கருவி மட்டும் அந்த அம்மாளுக்கு இன்னும் வந்து சேரவில்லை என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டாம். கணவன்மார்கள் எல்லா தேசத்திலும் ஒரே ஜாதிதான்!

தடித்த புத்தகத்தின் கடைசியில் ‘இன்ன சொல் இன்ன பக்கத்தில்’ என்று ஒரு சொல்லடைவு இருக்கிறதல்லவா? அதைப்போல உள்ளே வந்து விழுகிற ஒவ்வொன்றுக்கும் அடைவு போட்டு வைத்துக்கொள்வதுதான் இந்தப் பொறியின் சூட்சுமம். அதனால்தான் கோடிச் சீட்டுகளில் ஒரு சீட்டைக் கேட்டாலும் கண்மூடித் திறப்பதற்குள் எடுத்து நீட்டுகிறது.

ஆனால் முதலாளிக்குச் சீட்டா வேண்டும்? ‘யார் எத்தனை நாள் ஊற்றினார், மொத்தம் எத்தனை லிட்டர்’ என்பதுதான் வேண்டும். எங்கள் ஊர் நெல் மண்டியில் சிட்டை என்று ஒன்று, பேரேடு என்று ஒன்று உண்டு. வருகிற வண்டியை வந்த வரிசையில் கிறுக்கி வைப்பது சிட்டை. சாயங்காலம் கணக்குப்பிள்ளை மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஆள்வாரியாகப் பிரித்து எழுதுவது பேரேடு. எலாஸ்டிக் சர்ச்சிலும் அப்படியொரு கணக்குப்பிள்ளை உண்டு. ‘டிரான்ஸ்ஃபார்ம்’ என்று பெயர். 2019-இல் வந்து சேர்ந்த ஏற்பாடு. ஒரு பக்கம் சிட்டை, மறுபக்கம் பேரேடு, நடுவில் இவன். நிமிஷத்துக்கு ஒரு தரம் சிட்டையை எட்டிப் பார்ப்பான். புதிதாக எதுவும் வந்திருந்தால் உரியவர் பேரில் கூட்டி எழுதுவான். ‘இதுவரை பார்த்தாயிற்று’ என்று ஒரு கோடு போட்டுக்கொள்வான். அடுத்த தரம் அந்தக் கோட்டிலிருந்து தொடருவான். இந்தக் கோட்டுக்குச் ‘செக்பாயிண்ட்’ என்று பெயர். இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கதை முழுவதும் இந்தக் கோட்டில்தான் இருக்கிறது.

மார்கழியின் ஆரம்பத்தில் ஒருநாள் நடு ராத்திரி நான் மாடிக்குப் போனபோது, அவளுடைய திரையில் ஒரு சிவப்பு எழுத்து நின்றது.

“என்ன அம்மா, கோபமாக இருக்கிறதே?”

“கணக்குப்பிள்ளை படுத்துட்டான் மாமா. ஞாபகசக்தி போதலையாம்.”

ஒரே சமயத்தில் இயந்திரத்தின் நினைவில் இவ்வளவுதான் வைக்கலாம் என்று ஒரு வரம்பு இருக்கிறதாம். வரம்பு மீறும் என்று தெரிந்தால், வீட்டு மின்சாரத்தில் பியூஸ் போகிற மாதிரி இதுவும் வேலையைத் தடுத்துவிடும். இந்தக் கணக்குப்பிள்ளை சாதாரணமாக ஒரு வாய்க்கு 500 தொகுதிகளாக எடுத்து விழுங்குகிறவன். நினைவு போதாவிட்டால் தானாகவே கவளத்தைச் சிறிதாக்கிப் பார்ப்பான். வேறு சில்லறைத் தடங்கல் என்றால், சலிக்காமல் பத்துத் தடவை திரும்ப முயலுவான். அப்படியும் முடியாவிட்டால்தான் ‘தோல்வி’ என்று எழுதிவிட்டு உட்கார்ந்துவிடுவான். எதனால் என்ற காரணத்தையும் ஒரு வரி எழுதி வைப்பான். அன்றைக்கு வேறு யாரோ ஒரு பெரிய அறிக்கையைக் கேட்டு, இருந்த நினைவையெல்லாம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவள் அதை நிறுத்தி, கவளத்தைக் கொஞ்சம் சிறிதாக அமைத்து, கணக்குப்பிள்ளையை எழுப்பிவிட்டாள். விட்ட கோட்டிலிருந்து அவன் மறுபடி எழுதத் தொடங்கினான். சிவப்பு மறைந்து பச்சை வந்தது. காப்பி ஆறுவதற்குள் காரியம் முடிந்துவிட்டது.

“இவ்வளவுதானா?” என்றேன்.

“கத்துகிற தப்பு நல்ல தப்பு மாமா” என்று சிரித்தாள் அவள்.

அந்த வாக்கியத்தை என் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டேன். ஏதாவது ஒரு நாவலில் ஒரு பாத்திரத்தின் வாயில் போடலாம் என்ற எண்ணம். அதன் மறுபாதி பத்துப் பதினைந்து நாளில் எங்கள் வீட்டுக்கே வந்து சேரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

ஜனவரி முதல் வாரம். காலையில் அவளுக்கு ஒரு டெலிபோன் வந்தது. மலையடிவாரத்து ஊரின் கொள்முதல்காரர் பேசினார். கம்பெனிக்காரர்கள் பொங்கலுக்கு ஒரு வெகுமதி அறிவித்திருந்தார்கள். டிசம்பர் மாதத்தில் 28 நாளுக்குக் குறையாமல் பால் ஊற்றியவர்களுக்கு ஒரு தொகை. அதற்கான ஜாபிதா முதல் நாள்தான் ஊருக்குப் போயிருந்தது. அதில் ஒரு அம்மாளின் பெயர் இல்லை.

“தினம் காலையிலே முதல் ஆளா வந்து நிற்கிறவங்கம்மா. ஒருநாள்கூடத் தவறலை. லிஸ்டிலே 22 நாள்னு வந்திருக்கு. நான் மெஷின் கணக்குன்னு சொல்லிட்டேன். அவங்க ஒண்ணும் சொல்லலை. ‘மெஷின் கணக்குன்னா சரியாத்தான் இருக்கும், நான்தான் நாளைத் தப்பா எண்ணிட்டேன் போலிருக்கு’ன்னு போயிட்டாங்க. எனக்குத்தான் மனசு கேட்கலை.”

அவள் டெலிபோனை வைத்துவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தாள். “சண்டை போட்டிருந்தாத் தேவலை மாமா” என்றாள்.

திரையைத் திறந்தாள். எல்லாம் பச்சை. எந்த மூலையிலும் ஒரு சிவப்புப் புள்ளி இல்லை. கணக்குப்பிள்ளை நிமிஷத்துக்கு நிமிஷம் எட்டிப் பார்த்துக்கொண்டு, கோடு போட்டுக்கொண்டு, வெகு ஆரோக்கியமாக இருந்தான். தோல்விகள்: பூஜ்யம். நான் அதுவரை அவளை அவ்வளவு கலக்கத்துடன் பார்த்ததில்லை. அழுகிற குழந்தைக்கு எங்கே வலி என்று கண்டுபிடித்துவிடலாம். சிரித்துக்கொண்டே இருக்கிற குழந்தைக்கு உள்ளே ஜுரம் அடித்தால் என்ன செய்வது?

அன்றிரவு நான் காப்பி எடுத்துக்கொண்டு போனபோது விசாரணை நடந்துகொண்டிருந்தது. விசாரணை என்றுதான் சொல்ல வேண்டும். துப்பறியும் கதைகளில் வருகிற மாதிரி ஒவ்வொரு சந்தேகமாக எடுத்து, அதற்குரிய சாட்சியைக் கூப்பிட்டு, நிரபராதி என்று அனுப்பிக்கொண்டிருந்தாள்.

முதல் சந்தேகம் கொள்முதல் கருவியின் மேல். அது ஒன்பது நாள் சீட்டை அனுப்பாமலே இருந்திருந்தால்? சிட்டையில் அந்த அம்மாளின் எண்ணைத் தேடினாள். டிசம்பருக்கு 31 சீட்டுகள். ஒன்று குறையவில்லை. ஆக, மூலத்தில் பால் இருக்கிறது, பேரேட்டில்தான் இல்லை. “பாதிக் கிணறு தாண்டியாச்சு” என்றாள்.

இரண்டாவது சந்தேகம் கடிகாரத்தின் மேல். இந்த இயந்திரங்கள் கிரீன்விச் நேரத்தில்தான் வாழ்கின்றன. நம்முடைய நேரம் அதைவிட ஐந்தரை மணி முந்தியது. ஆகவே நாம் சொல்லிவைக்காவிட்டால், அதிகாலை 5:30-க்கு முன் கறக்கிற பாலை எல்லாம் முந்தின தேதியில் எழுதிவிடும்! இந்தத் தவறு இவர்கள் தொழிலில் வெகு பிரசித்தமாம். ஆனால் அவள் அதை ஆரம்பத்திலேயே சொல்லி வைத்திருந்தாள். அந்தச் சந்தேகமும் போயிற்று.

மூன்றாவது, அன்று படுத்துவிட்டானே, அந்த ராத்திரியில் ஏதாவது விட்டுப்போயிற்றா? இல்லை. விழுந்த இடத்திலிருந்து எழுந்து எழுதியிருக்கிறான்.

மணி இரண்டு. அவள் கண்கள் சிவந்திருந்தன. நான் ஏதாவது சொல்ல வேண்டுமே என்பதற்காகச் சொன்னேன்:

“அம்மா, எனக்கு உன் தொழில் தெரியாது. ஒரு கதை நகராமல் நின்றுவிட்டால் நான் ஒன்று செய்வேன். இரண்டு பாத்திரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, இவளுக்கும் அவளுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்பேன். அதே ஊரில் கணக்குச் சரியாக வந்தவள் ஒருத்தியை எடேன்.”

எடுத்தாள். அடுத்த வீட்டுக்காரியோ என்னமோ, அவளுக்கு 31-க்கு 31. இன்னொருத்திக்கும் 31. மற்றொருத்திக்கு 23. இன்னும் ஒருத்திக்கு 22. சரியாக வந்தவர்களை ஒரு பக்கமும் குறைந்தவர்களை ஒரு பக்கமும் அடுக்கினாள். அடுக்கிவிட்டு வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மாமா, சரியா வந்தவங்க எல்லாரும் ரெண்டு வேளை ஊத்தறவங்க. குறைஞ்சவங்க எல்லாரும் காலை ஒரு வேளைதான்.”

இரண்டு வேளை ஊற்றுகிறவர்கள் என்றால் மூன்று நாலு மாடு உள்ளவர்கள். ஒரு வேளை என்றால் ஒற்றை மாடு; சாயங்காலப் பால் வீட்டுக்கும் டீக்கடைக்குமாகப் போய்விடும். இல்லாதவர்களாகப் பொறுக்கி எடுத்து ஓரவஞ்சனை செய்ய ஓர் இயந்திரத்துக்கு எப்படித் தெரிந்தது?

விடியற்காலை கொள்முதல்காரரை டெலிபோனில் பிடித்துக் கேட்டபோது முடிச்சு அவிழ்ந்தது. காலையில் அவர் உட்காருவது மலையை ஒட்டிய கோயில் மண்டபத்தில். அங்கே சிக்னல் சில நாள் கிடைக்கும், சில நாள் கிடைக்காது. கிடைக்காத நாளில் சீட்டுகள் கருவியிலேயே தங்கியிருந்து, அவர் எட்டரை மணிக்குச் சாலைக்கு இறங்கி வந்த பிறகு ஒரேயடியாகப் போய்ச் சேரும். சாயங்காலக் கொள்முதல் சாலையோரத்தில்; அங்கே சிக்னலுக்குக் குறைவில்லை.

இப்போது நம்முடைய கணக்குப்பிள்ளையை நினைத்துப் பாருங்கள். அவன் சீட்டில் எழுதியிருக்கும் நேரத்தைப் பார்த்தே புதுச் சீட்டு, பழைய சீட்டு என்று தீர்மானிக்கிறவன். தாமதமாக வருகிறவர்களுக்காக ஒரு நிமிஷம் பொறுத்துப் பார்ப்பான். அதுதான் அவனுக்கு இயல்பாக அமைந்த பொறுமை. பிறகு கோடு போட்டுவிடுவான். காலை 6:10-க்கு ஊற்றிய பாலின் சீட்டு 8:40-க்கு வந்து கதவைத் தட்டினால், 6:10 என்பது கோட்டுக்கு அந்தப்பக்கம் என்றோ போய்விட்ட நேரம். அவன் திரும்பிப் பார்க்கவே மாட்டான். சீட்டு சிட்டையில் கிடக்கும், பேரேட்டில் ஏறாது. இதில் பிழை என்று கத்துவதற்கு அவனுக்கு ஒன்றுமில்லை. சொன்ன வேலையைச் சொன்னபடி செய்தான்.

சாயங்காலமும் ஊற்றுகிறவர்கள் தப்பித்தது எப்படி? மாலைச் சீட்டு நேரத்துக்கு வந்ததும், அவர்களுடைய அந்த நாள் கணக்கு முழுவதையும் அவன் புதிதாகக் கூட்டுகிறான். கூட்டும்போது, காலையில் பிந்தி வந்து மூலையில் கிடக்கிற சீட்டும் சேர்ந்துகொள்கிறது. மாலையில் வராதவளுக்காக மறுபடி கூட்டுவார் யாருமில்லை. உலகத்தில் வேறு பல கணக்குகளும் இப்படித்தான் நடக்கின்றன. மறுபடி கதவைத் தட்ட முடிகிறவர்களுக்கு எல்லாம் சரியாகிவிடுகிறது.

“பொறுமையை ஒரு நிமிஷத்திலிருந்து மூன்று மணியாக்கிவிடேன்” என்றேன் நான்.

“ரெண்டு நாள் சிக்னல் இல்லேன்னா? அது சரியான வைத்தியம் இல்லை மாமா. மொய் நோட்டு மாதிரி பண்ணணும்.”

கல்யாணத்துக்கு வர முடியாதவர் பத்து நாள் கழித்து மணியார்டர் அனுப்புகிறார். கல்யாணத் தேதி போய்விட்டதே என்று அதைத் திருப்பி அனுப்புகிறோமா? பணம் வந்த அன்று நோட்டைத் திறக்கிறோம்; அந்தக் கல்யாணத்தின் கணக்கிலேயே எழுதுகிறோம். அதேபோல, ஒவ்வொரு சீட்டும் களஞ்சியத்துக்குள் நுழையும்போது வாசலில் ‘வந்து சேர்ந்த நேரம்’ என்று ஒரு முத்திரை குத்தவேண்டியது. கணக்குப்பிள்ளை அந்த முத்திரையைப் பார்த்துப் புதுச் சீட்டா என்று தீர்மானிக்க வேண்டியது. எழுதுவதோ பால் ஊற்றிய தேதியில். எவ்வளவு பிந்தி வந்தாலும் வந்த கணத்தில் அது புதுச் சீட்டுதான்.

அப்படியே செய்தாள். பழைய பேரேட்டில் கை வைக்காமல், புதிய பேரேடு ஒன்றைத் திறந்து, சிட்டையை முதல் ஏட்டிலிருந்து மறுபடி படிக்கும்படி புதிய கணக்குப்பிள்ளையை ஏவினாள். அதற்கு முன்னால் ஒத்திகை பார்க்கவும் வழி இருக்கிறது. எழுதாமலே, எழுதினால் எப்படி இருக்கும் என்று காட்டும். ஒத்திகையில் அந்த அம்மாளின் எண்ணுக்கு நேரே 31 என்று வந்தது. பிறகு முழுக் கணக்கும் ஓடி முடிந்தது. அந்த ஊரிலும் அதைப்போன்ற மலையோரத்து ஊர்களிலுமாக 43 பேருக்கு நாட்கள் கூடின. அவர்களில் 17 பேர் வெகுமதிக்கு உரியவர்கள்.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

மறுநாள் அவளுடைய மேலதிகாரி, நல்ல மனிதர்தான், அவளைப் பாராட்டிவிட்டு ஒரு யோசனை சொன்னார். ஊர்களுக்கு ஒரு அறிவிப்பு அனுப்ப வேண்டும். ‘தொழில்நுட்பக் கோளாறு காரணமாக’ என்று எழுதிவிட்டால் போதும். பொய் என்றும் சொல்ல முடியாது.

அவள் மத்தியானம் கீழே இறங்கி வந்து என் எதிரில் உட்கார்ந்தாள்.

“மாமா, அந்த வேலையை ரெண்டு வருஷத்துக்கு முன்னாலே அமைச்சது நான்தான். அவசரத்திலே, ஊத்தின நேரத்தையே குறின்னு கொடுத்துட்டேன். ஒரு நிமிஷம்னு இருந்ததையும் மாத்தலை. சிக்னல் இல்லாத ஊர் இருக்கும்னு தோணவே இல்லை. கோளாறு மெஷின்லே இல்லை.”

“யாராவது கேட்டார்களா?”

“கேட்க மாட்டாங்க. அதனாலேதான் சொல்லணும். நீங்க நல்ல தமிழ்லே ஒரு கடிதம் எழுதிக் கொடுங்க. கொள்முதல்காரர் மண்டபத்திலே படிச்சுக் காட்டட்டும்.”

ஐம்பது வருஷம் பேனா பிடித்த கை. பத்து நிமிஷத்தில் எழுதிக் கொடுத்தேன். ‘தவிர்க்க இயலாத காரணங்களால் கணக்கில் நேர்ந்துவிட்ட சிறு பிசகினை’ என்று ஆரம்பித்து, வருத்தம், வணக்கம் எல்லாம் வைத்துக் கம்பீரமாக முடித்திருந்தேன். அவள் அதைப் படித்தாள். மரியாதையாகத்தான் பேனாவைக் கேட்டு வாங்கினாள். ‘தவிர்க்க இயலாத’ என்பதை அடித்தாள். ‘சிறு’ என்பதை அடித்தாள். ‘நேர்ந்துவிட்ட’ என்பதை அடித்தாள். கடைசியில் நின்றது இவ்வளவுதான்:

‘நீங்கள் ஊற்றிய பால் முழுவதும் எங்களிடம் வந்து சேர்ந்திருக்கிறது. கணக்கு எழுதும் முறையை அமைத்தபோது நான் செய்த தவறால், பிந்தி வந்த சீட்டுகள் கூட்டலில் சேரவில்லை. உங்கள் எண்ணிக்கைதான் சரி. எங்களுடையது தவறு.’

கடிதம் போயிற்று. மேலதிகாரி முகத்தைச் சுளித்ததாகக் கேள்வி, ஆனால் நிறுத்தவில்லை. பொங்கலுக்கு முன்பே தொகையும் போய்ச் சேர்ந்தது. மண்டபத்தில் கடிதம் படித்தபோது அந்த அம்மாள் என்ன சொன்னாள் என்று என் தங்கை மகள் கேட்டாளாம். ‘ஒன்றும் சொல்லவில்லை, மாட்டுக்கு நேரமாகிறது என்று போய்விட்டார்கள்’ என்று கொள்முதல்காரர் பதில் சொன்னாராம். ‘ஆனால் இப்போதெல்லாம் சீட்டு அச்சாகி வந்ததும், அது போய்ச் சேர்ந்துவிட்டதா என்று ஒருதரம் கேட்டுவிட்டுத்தான் நகருகிறார்கள்.’

இதைக் கேட்ட அன்று இரவு நான் மாடிக்குப் போகவில்லை. சமையலறைச் சுவர் என் எதிரில் வந்து நின்றுவிட்டது.

1958-ஆம் வருஷம். எனக்கு ஒன்பது வயது. சித்திக்குப் பிரசவம் என்று என் தாயார் மாயவரத்துக்குப் போய் ஐந்து நாள் தங்கினாள். போகும்போது என்னைக் கூப்பிட்டு, “பாட்டிக்குக் கண் தெரியாது. பால் வந்ததும் நீதான் கோடு போட வேண்டும்” என்று கரித்துண்டைக் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. முதல் இரண்டு நாள், சுவரே கிழிந்துவிடும்போலக் கோடு போட்டேன். மூன்றாம் நாள் தெருவில் பம்பரப் பந்தயம் ஆரம்பமாயிற்று.

மாதக் கடைசியில் தாயாரும் பால்காரம்மாவும் எண்ணினார்கள். 27 வந்தது.

“மூணு கோடு குறையுதும்மா” என்றாள் பால்காரம்மா.

தாயார் என் பக்கம் திரும்பினாள். “ஏண்டா, தினம் தவறாமல் போட்டாயா?”

“போட்டேன்” என்றேன்.

பால்காரம்மா என்னைப் பார்த்தாள். கோபமாக அல்ல. அந்தப் பாலில் ஒரு டம்ளர் ஒவ்வொரு நாளும் என் வயிற்றுக்குள்தான் போயிருந்தது. அது அவளுக்கும் தெரியும்.

“கோடு இல்லேன்னா பால் வரலேன்னு ஆயிடுமாம்மா?” என்று மெல்லக் கேட்டாள்.

தாயாரும் அநியாயக்காரி அல்ல. ஆனால் பிள்ளை போட்டேன் என்கிறான்; சுவர் 27 என்கிறது. 27 நாளைக்குப் பணம் கொடுத்தாள். பால்காரம்மா வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு போனாள். மறுநாளும் வழக்கம்போலப் பால் கொண்டுவந்தாள். ஒன்றே ஒன்று மாறியது. ஊற்றியவுடன் போகிறவள், அதற்குப் பிறகு செம்பை இடுப்பில் வைத்துக்கொண்டு, உள்ளே தாயார் கோடு இழுக்கிற வரையில் நிலைப்படிக்கு வெளியே நிற்பாள். மழை பெய்தாலும் நிற்பாள். நாங்கள் அந்த ஊரைவிட்டுக் கிளம்புகிற வரையில், நாலு வருஷம், அப்படித்தான் நின்றாள். ஒவ்வொரு காலையிலும் பல் துலக்கிக்கொண்டே நான் அதைப் பார்ப்பேன். சொல்லிவிடலாம் என்று தோன்றும். நாளைக்குச் சொல்லலாம் என்று தோன்றும். யாரும் கேட்கவில்லை.

தாயாரும் இல்லை, பால்காரம்மாவும் இல்லை, அந்தச் சுவரும் இல்லை. இப்போது யாரிடம் போய்ச் சொல்வது என்று யோசித்தேன். பிந்தி வந்தாலும் வந்த அன்றைக்கு எழுத வேண்டியதுதான் என்று மாடியில் இருக்கிற குழந்தை சொல்லிக் கொடுத்திருக்கிறாளே. ஆகவே இங்கே எழுதுகிறேன். மூன்று நாள் பால், நாளைக்கு அரைப்படி வீதம் ஒன்றரைப் படி. வந்தது. நான் குடித்தேன்.